இட்லிப்பூ இலை மஞ்சளானால்

இட்லிப்பூச் செடிக்கு எவ்வளவு உரம் போட்டாலும் இலை வெளுத்தபடியே இருக்கிறது என்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு. செடி எந்தச் சுவரோரம் நிற்கிறது? அதற்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? அதற்கும் முன்னால், நிற்பது இட்லிப்பூதானா என்று பார்த்துவிடுவது நல்லது.

கொத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள். மெல்லிய நீண்ட குழலும் அதன் நுனியில் நான்கு இதழும் இருக்க வேண்டும். ஐந்து இதழும் தொட்டால் மெத்தென்ற இலையும் இருந்தால் அது பென்டாஸ். வெள்ளைப் பூ என்றால் பாவட்டையாக இருக்கலாம். அதற்கும் நான்கு இதழ்தான். ஆனால் பூவின் நடுவிலிருந்து ஒரு நூல் குழலைத் தாண்டி வெகுவாக வெளியே நீண்டிருக்கும். பாவட்டை இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். அவை பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள். நோய் என்று நினைத்து மருந்தடித்துவிடாதீர்கள்.

இதழ் நுனி கூர்மையாக, இலை காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டி இருந்தால் அது நம் வெட்சி, இக்சோரா காக்சினியா. இதழ் நுனி உருண்டிருந்தால் சீன வெட்சியோ அதன் கலப்போ ஆகலாம். நர்சரியில் மினி என்று விற்கும் குட்டை வகைகள் தொட்டிக்கு ஏற்றவை. காக்சினியாவைத் தரையில் விட்டால் ஆள் உயரத்துக்கு வளரும்.

தென்னிந்தியாவும் இலங்கையும் வெட்சியின் சொந்த மண். மழை மிகுந்த மேற்குக் கரையின் செம்புறை மண்ணில் தானாக வளரும் செடி இது. அந்த மண் அமிலத் தன்மை உள்ளது. நாமோ இதைக் கொண்டுவந்து சுண்ணாம்பும் சிமெண்டும் ஊறிய மதில் ஓரத்தில் வைத்து, உப்புப் படியும் போர் தண்ணீரை ஊற்றுகிறோம். மண் காரமாகிவிட்டால், அதிலிருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடியாது. துளிர் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் காரணம். அடியிலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு. தழைச்சத்துக் குறைவோ, வேரில் நீர் தேங்குவதோ, வெறும் முதுமையோ ஆகலாம்.

உடனடி மருந்து, உரக்கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே அரை எலுமிச்சைச் சாறு கலந்து, மாலையில் இலையில் தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, இலை கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் பட்டால் துருக்கறை பிடிக்கும். கார மண்ணில் இதையே வேருக்குப் போடுவது வீண், சீக்கிரமே கரையாத துருவாகிவிடும். வேருக்குத்தான் போடுவேன் என்றால் இ.டி.டி.எச்.ஏ. என்று அச்சிட்ட இரும்புக் கூட்டு வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் கார மண்ணிலும் வேலை செய்யும்.

இலையில் தெளிப்பது அப்போதைக்குத்தான். செடியைச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். தொட்டியில் செம்மண்ணும் மக்கிய உரமும் கழுவிய தென்னை நார்க்கழிவும் சம பங்கு போதும். மழைநீரைப் பிடித்து ஊற்றினால் நல்லது, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் ஆகும். ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீர் மட்டும் கூடாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். முட்டை ஓடு எல்லாச் செடிக்கும் நல்லது என்பார்கள். அது சுண்ணாம்பு, இதற்கு ஆகாது. காப்பிச் சக்கை? வெட்சி காப்பிக் குடும்பத்துச் செடிதான். ஆனால் சக்கையின் புளிப்பெல்லாம் பெரும்பாலும் டிகாக்‌ஷனோடு போய்விடுகிறது. மக்கு உரத்தில் சேருங்கள், அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

இலை பச்சையாக இருந்தும் பூ இல்லையென்றால் வெயிலைப் பாருங்கள். நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வெயில் இருந்தும் பூக்காவிட்டால் குற்றம் கத்தரிக்கோலுடையது. இட்லிப்பூ கிளை நுனியில்தான் கொத்து வைக்கும். மாதாமாதம் வேலியைச் சதுரமாக வெட்டினால் மொட்டு வரவேண்டிய நுனியெல்லாம் குப்பைக்குப் போகிறது. ஒரு கொத்து வாடியதும் அதற்குக் கீழே ஓரிரு கணு விட்டுக் கிள்ளினால் போதும், பக்கத் துளிர் கிளைத்துப் பூக்கும்.

செடியில் எறும்பு ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு தெளியுங்கள்.

அடி மொட்டையான முதிய செடியைப் புரட்டாசியில் பாதி உயரத்துக்கு வெட்டிவிடலாம், ஐப்பசி மழையில் துளிர்த்துவிடும். வெட்டியதில் பென்சில் பருமன் குச்சிகளை மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, கீழ் இலைகளை நீக்கி, மணல் கலந்த நார்க்கழிவில் நிழலில் நடுங்கள். வேர்விட இரண்டு மாதம் வரை ஆகலாம். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம். புதுத் துளிர் இரண்டு சோடி விரிந்த பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள்.