மயங்கி விழுந்த தாத்தாவும் உங்கள் ரெஃபரல் லெட்டரும்

கொல்லங்கோடு பக்கம் டியூட்டி டாக்டராகச் சேர்ந்திருக்கிறீர்களா? பாலக்காட்டிலோ கோவையிலோ இருக்கும் கார்டியாலஜிஸ்ட் உங்களை நேரில் பார்க்கப்போவதில்லை. நீங்கள் எழுதியனுப்பும் நாலு வரியைத்தான் பார்ப்பார். "தலைசுற்றி விழுந்தார்" என்று மட்டும் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

1. கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்காரர் "கால் இடறிடுச்சு" என்பார், நம்பிவிடாதீர்கள். நினைவு தப்பியதே பலருக்கு ஞாபகம் இருக்காது. கூட வந்த மருமகளை விசாரியுங்கள். இங்கே தமிழிலும் மலையாளத்திலும் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் முழுக் கதை கிடைக்கும். ஷேவ் செய்யும்போதா? காலர் பட்டனை இறுக்கும்போதா? யாரோ கூப்பிட, சட்டெனத் திரும்பியபோதா? பனை உச்சியை அண்ணாந்து பார்த்தபோதா? அப்படியென்றால் கரோடிட் சைனஸ் சின்ட்ரோமைச் சந்தேகியுங்கள். கழுத்துத் தமனியில் பிரஷரைக் கவனிக்கும் இடம் லேசாக அழுந்தினாலே பதறிப்போய் இதயத்துடிப்பைச் சில வினாடி நிறுத்திவிடும், அல்லது பிரஷரை இறக்கிவிடும். தூண்டுதலே தெரியாத கேஸ்களும் உண்டு.

2. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் பிபி, ஈசிஜி, மாத்திரை லிஸ்ட். பிரஷர் மாத்திரை டோஸ்தான் வில்லன் என்றால் விஷயம் இங்கேயே முடிந்தது.

3. கழுத்தில் கைவைத்து ஹீரோயிசம் காட்டாதீர்கள். கரோடிட் சைனஸ் மசாஜுக்கு ஓடும் ஈசிஜி வேண்டும், துடிப்புக்குத் துடிப்பு பிபி காட்டும் மானிட்டர் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம், 5 முதல் 10 வினாடி. படுத்தும் நின்றும் பார்க்க வேண்டும். கடந்த 3 மாதத்தில் பக்கவாதமோ டிஐஏவோ மாரடைப்போ வந்தவர்களுக்கு வேண்டாம். கழுத்தில் ஸ்டெத் வைத்து இரைச்சல் கேட்டால், டாப்ளர் பார்க்காமல் தொடக்கூடாது. துடிப்பு 3 வினாடிக்கு மேல் நிற்பதோ, மேல் பிரஷர் 50-க்கு மேல் இறங்குவதோ வழக்கமான அளவுகோல். ஆனால் 2018 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, நோயாளிக்கு வழக்கமாக வரும் அதே மயக்கமும் கூடவே வரவேண்டும். வெறும் எண்ணை வைத்து பேஸ்மேக்கர் பேசுவது ஆர்வக்கோளாறு. அறிகுறியே இல்லாத பெரியவர்களுக்கும் அந்த எண் வரும்.

4. லெட்டரில் இவ்வளவு போதும்: "72 வயது ஆண். கழுத்தைத் திருப்பியபோது இருமுறை நினைவிழந்தார், மருமகள் பார்த்திருக்கிறார். ஈசிஜி நார்மல். நின்றபோது பிபி இறங்கவில்லை. பக்கவாதம், மாரடைப்பு வந்ததில்லை. கழுத்தில் இரைச்சல் இல்லை. கரோடிட் சைனஸ் மசாஜ் பரிசீலிக்கவும்."

கீழே உங்கள் பெயரும் மொபைல் நம்பரும் தெளிவாக இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து நீங்களே போன் போட்டு ரிசல்ட் கேளுங்கள். அங்கே வேக்கன்சி வரும்போது அந்த கார்டியாலஜிஸ்ட்டுக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்கும்.