விண்ட்ஜாமரைக் கழற்றலாமா?

1977-இல் வெளிவந்த ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1000 ஒன்று எட்டு வருடமாக என் கராஜில் நிற்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே இருக்கிறோம். வாங்கும்போதே வண்டியின் முகத்தில் வெட்டர் விண்ட்ஜாமர் என்ற ஃபேரிங் மாட்டியிருந்தது. முழங்காலிலிருந்து நெற்றி வரை மறைக்கிற வெள்ளைச் சுவர், நடுவில் கார் ஹெட்லைட் மாதிரி ஒரு வட்ட விளக்கு, இரண்டு பக்கமும் சாமான் வைக்கக் குழிப்பெட்டிகள், மேலே உயரமான கண்ணாடி. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர், "அந்தக் குளியல் தொட்டியை முதலில் கழற்றி எறி" என்பார்கள். மீதிப் பேர் அதைத் தடவிப் பார்த்து, "இதை மட்டும் தொட்டுவிடாதே" என்பார்கள். நான் கழற்றியும் பார்த்தேன், திரும்ப மாட்டியும் பார்த்தேன். இடையில் வாங்கிய அடிகள்தான் கீழே இருப்பவை.

முடிவெடுக்கும் முன் செய்யக்கூடாதவை

எந்த ஃபேரிங் என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். கம்பெனியே வைத்து விற்ற ஃபேரிங் ஒரு ஜாதி. பிறகு வெளியே வாங்கி மாட்டியது வேறு ஜாதி. 1976-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹான்ஸ் மூத் வடிவமைத்த அதன் ஃபேரிங், இத்தாலியில் பினின்ஃபரீனாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கப்பட்டது. கைப்பிடியின் உயரம், உட்காரும் விதம், கடிகாரமும் வோல்ட்மீட்டரும் இருக்கிற இடம் எல்லாம் அந்த ஃபேரிங்கை நம்பித்தான் அமைந்தன. அதைக் கழற்றினால் ஆர்எஸ் என்ற வண்டியே இல்லை. எஞ்சுவது, முன்பக்கம் ஏதோ தொலைந்துபோன மாதிரி முழிக்கிற இன்னொரு வண்டி.

ஜிஎல்1000 கதை நேர் எதிர். 1974-இல் கொலோன் கண்காட்சியில் ஹோண்டா அதை அறிமுகப்படுத்தியபோது மேலே ஒரு துணுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. தண்ணீரில் குளிரும் நாலு சிலிண்டர் என்ஜின், ஷாஃப்ட் டிரைவ், பெட்ரோலும் ஆயிலும் ஊற்றாமலே சுமார் 265 கிலோ எடை என்று நெடும்பயணத்துக்கே பிறந்த வண்டி. ஆனால் காற்றை நெஞ்சில்தான் வாங்கவேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் இல்லினாய் மாநிலத்தின் ரன்டூல் ஊரில் ஃபேரிங் கம்பெனி நடத்திய கிரெய்க் வெட்டர். ஒரே ஃபேரிங்கை வைத்துக்கொண்டு, மாடலுக்கு ஒரு தனித் தாங்கி செய்து விற்றார். 1980-இல்தான் ஹோண்டா ஜிஎல்1100 இன்டர்ஸ்டேட் என்று தானே ஃபேரிங்கும் பெட்டியும் வைத்துக் கொடுத்தது.

ஆகவே ஜிஎல்1000-இல் விண்ட்ஜாமரைக் கழற்றினால் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்குத் திரும்புகிறது. இன்டர்ஸ்டேட்டில் கழற்றினால் அதற்கு எப்போதும் இல்லாத கோலம் வருகிறது. "ஒரிஜினல்" என்று ஒரே வார்த்தையால் இரண்டையும் அளக்க முடியாது.

போட்டோ பார்த்து ஆசைப்படாதீர்கள். படத்தில் காற்று தெரியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும்: மணிக்கு 80 கிலோமீட்டரில் உங்கள் நெஞ்சில் இருக்கிற தள்ளு, 110-இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 10 டிகிரி குளிரில் அதே நெடுஞ்சாலை வேகத்தில் போனால், மறைப்பில்லாத தோலுக்கு அது 4 டிகிரிபோல உறைக்கும். நகரத்துக்குள் காபி குடிக்கப் போகிறவருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. ஒரு நாளில் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இதுதான் எல்லாம்.

ஜனவரியில் முடிவெடுக்காதீர்கள். வெளியே பனி, கராஜில் ஹீட்டர், கையில் ஸ்பேனர், ஓட்ட வழியில்லை. எந்த உருப்படியான பாகமும் அப்போது தேவையற்றதாகத்தான் தெரியும்.

ஹெல்மெட் அதிர்கிறதே என்று முழு ஃபேரிங்கையும் தண்டிக்காதீர்கள். கழற்ற நினைக்கிற பலருடைய உண்மையான புகார் இதுதான்: காதில் இரைச்சல், தலையைப் பிடித்துக் குலுக்குகிற காற்று. குற்றவாளி பெரும்பாலும் கண்ணாடியின் உயரம். மேல் விளிம்பைத் தாண்டி வருகிற காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து உடைகிறது. நேர்ச்சாலையில் ஓட்டிக்கொண்டே இடது கையைக் கண்ணாடிக்கு மேலே மெதுவாக உயர்த்தினால், அமைதி எங்கே முடிந்து அடி எங்கே தொடங்குகிறது என்று உள்ளங்கையே சொல்லிவிடும். கண்ணாடி வழியாகப் பார்க்காமல் அதற்கு மேலாகப் பார்க்கும்படி, விளிம்பு மூக்கு மட்டத்தில் இருந்தால் பலருக்குச் சரியாக வரும். என் கண்ணாடியில் இரண்டு அங்குலம் குறைக்கவேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நுண்பல் ரம்பத்தால் நிதானமாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தேன். இருபது நிமிட வேலை. இதை முதலில் செய்திருந்தால் ஒரு முழுக் கோடையை மிச்சம் பிடித்திருப்பேன்.

வண்டி அலைகிறது என்றாலும் உடனே ஃபேரிங் மேல் பழிபோடாதீர்கள். பாரம் முன்னே ஏறினால் அலைச்சல் கூடலாம், உண்மைதான். ஆனாலும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி "டிக்" என்று நின்றால் தலைப் பேரிங் போய்விட்டது. ஃபேரிங்கைக் கழற்றினாலும் பேரிங் அப்படியேதான் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

ஃபேரிங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். விண்ட்ஜாமரை இறக்குவது பெரிய வித்தை இல்லை. சில போல்ட், ஒரு பிளக். எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இறக்கிவிட்டுப் பார்த்தால், ஹெட்லைட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரொட்டிக் கவர் தொங்கியது. பாண் வாங்குகிற சாதாரண பாலிதீன் பை. வாய் இறுக்கிக் கருப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே வண்டியின் மொத்த முன் வயரிங்கும் குடல்போலச் சுருண்டு கிடந்தது.

காரணம் எளிது. அந்தக் காலத்து ஜப்பானிய வண்டிகளில் முன்பக்க இணைப்புகள் பெரும்பாலும் ஹெட்லைட் டூமுக்குள்தான் இருக்கும். ஃபேரிங்குக்குச் சொந்த விளக்கு உண்டு. அதனால் மாட்டிய கையோடு பழைய டூமையும், அதைப் பிடிக்கிற காதுகளையும், முன் இண்டிகேட்டர்களையும் கழற்றி எங்கோ போட்டுவிடுவார்கள். நாற்பது வருடம் கழித்து அந்த "எங்கோ" எங்கே என்று யாருக்கும் தெரியாது. எனக்கு வண்டி விற்ற பெரியவரிடம் போன் போட்டுக் கேட்டேன். "ரீகன் ஆட்சியில் பார்த்த ஞாபகம்" என்றார்.

கழற்றுவது என்று நாம் பேசுகிறோமே, அதில் பாதிக்கு மேல் திரும்ப மாட்டும் வேலை. மாட்டச் சாமான் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

சாமான் கைக்கு வந்த பிறகே போல்ட்டைத் தளர்த்துங்கள். டூம், காதுகள், விளிம்பு வளையம், இண்டிகேட்டர் ஜோடி, அதன் தண்டுகள், ரப்பர் வாஷர்கள் என்று பட்டியல் போடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். வண்டி ஏழு வாரம் முகமில்லாமல் நின்றது. ஜூலையில் மிட்-ஒஹாயோ பந்தயத் தளத்தில் நடக்கிற விண்டேஜ் மோட்டார்சைக்கிள் டேஸ் சந்தையில், வெயிலில் இரண்டு நாள் அலைந்து தார்பாய்தார்பாயாகக் குனிந்து பார்த்தேன். ஒரு காது ஒருவரிடம், மற்றது நாலு வரிசை தள்ளி இன்னொருவரிடம். இரண்டின் குரோம் பளபளப்பும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. இடது பக்கம் நின்று படமெடுத்தால் தெரியாது.

பணம் எங்கே போகவேண்டும் என்று ஒருமுறை யோசியுங்கள். ஜிஎல்1000-இல் இரண்டு டைமிங் பெல்ட்டுகள். ஒன்று அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டிக்குக் குரோம் காது தேடுவது, கூரை ஒழுகும்போது வாசலுக்குப் பெயிண்ட் அடிக்கிற கதை.

ஒரே சாலையில் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். அதே ஹெல்மெட், அதே ஜாக்கெட், அதே வேகம். முதலில் ஃபேரிங்கோடு ஒரு வாரம், பிறகு இல்லாமல் ஒரு வாரம். மழையில் ஒரு நாளும் சேர்ந்தால் நல்லது. கோடையில் என் முழங்காலுக்கு விடுதலை கிடைத்தது. ரேடியேட்டர் சூடு தேங்காமல் விலகிப் போனது. முன்சக்கரம் கண்ணுக்குத் தெரிந்தது. பதினான்கு வயதுப் பையன்போல ஓட்டினேன். அக்டோபர் முதல் வாரத்தில் கைவிரல்கள் மரத்துப்போய் கிளட்சை உணராமல் ஒரு சிக்னலில் என்ஜினை அணைத்துவிட்டேன்.

கழற்றும் நாளில்

ஆள் துணை வையுங்கள். கடைசி போல்ட் வரும்போது மொத்த எடையும் ஒரு பக்கம் சாயும். முன் மட்கார்டு மேல் பழைய போர்வை போடுங்கள்.

ஒவ்வொரு வயரையும் பிடுங்குவதற்கு முன் படமெடுங்கள். பிறகு பழைய முதலாளிகளின் கைவண்ணத்தைத் தேடுங்கள். வயரைக் கடித்துப் பிடித்த நீல கிளிப்புகள், சி.பி. ரேடியோவுக்குப் போன லைன், கேசட் பிளேயருக்குப் போன லைன், ஃபியூஸே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வந்த ஒரு சிவப்பு வயர். இவை எல்லாவற்றையும் எடுங்கள். இந்த வண்டியின் மின்னாக்கி தருவது சுமார் 300 வாட். அதன் ஸ்டேட்டர் கருகினால் என்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்காமல் மாற்ற முடியாது. அலங்கார விளக்குகளுக்காக அந்தச் செலவை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

தாங்கி பிடித்திருந்த இடங்களில் ஃபிரேமைத் துடைத்துப் பாருங்கள். கிளாம்புக்கு அடியில் துரு பதுங்கியிருக்கும். தாங்கி வழிவிடவில்லை என்று ஃபிரேமை அறுக்கவோ துளைபோடவோ கூடாது. இதில் மாற்றுக் கருத்து எனக்கு இல்லை.

கேபிள்களையும் பிரேக் ஹோஸையும் மறுபடி வழிப்படுத்திய பிறகு, வண்டி நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்க, ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்புங்கள். என்ஜின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. சாலையில் யூ-டர்ன் போடும்போது தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் அல்ல இது.

ஃபோர்க்கை மறக்காதீர்கள். பாரம் தாங்க யாரோ ஸ்பிரிங்குக்கு மேல் பிளாஸ்டிக் குழாய்த்துண்டு செருகியிருப்பார்கள். பாரம் போனபின் முன்பக்கம் விறைத்து நிற்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் ஃபோர்க் தன் மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்கவேண்டும். மூடியைத் திறக்கும்போது மேலே குனிந்து நிற்காதீர்கள், ஸ்பிரிங் அதைத் துப்பும்.

ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துச் சரிசெய்யுங்கள். விண்ட்ஜாமர் ஃபிரேமில் உட்கார்ந்திருப்பதால் நீங்கள் ஹேண்டிலைத் திருப்பினாலும் அதன் விளக்கு நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். டூம் விளக்கு ஹேண்டிலோடு திரும்பும். முதல் ராத்திரி வீட்டு வாசலில் திரும்பியபோது வெளிச்சமும் கூடவே வந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

கழற்றிய பிறகு

விற்காதீர்கள். ஒரு வருடமாவது பொறுங்கள். விற்றே தீருவேன் என்றாலும் தாங்கியை ஃபேரிங்கோடு சேர்த்தே கொடுங்கள். ஃபேரிங் கூடு தேடினால் கிடைக்கும். உங்கள் மாடலுக்கான தாங்கிதான் கிடைக்காது. போல்ட்டுகளை உறையில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதித் தாங்கியிலேயே கட்டுங்கள்.

கண்ணாடியை அமோனியா கலந்த கிளீனராலோ பெட்ரோலாலோ துடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் சிலந்திவலைபோல நுண்விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும். பிளாஸ்டிக்கைத் தொடுகிற போல்ட்டில் நட்டுப் பிடிப்பான் பசையும் வேண்டாம், அதே கதிதான். உடலில் விரிசல் இருந்தால் உள்பக்கத்தைப் பாருங்கள். நார் தெரிந்தால் ஃபைபர்கிளாஸ், அதற்கு ரெசின். நாரில்லாமல் வழவழப்பாக இருந்தால் ஏபிஎஸ்ஸாக இருக்கும். அதே பிளாஸ்டிக்கின் உடைந்த துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் குழம்பாக்கி உள்ளிருந்து பூசினால் இறுகிப் பிடிக்கும்.

என்னுடையது இப்போது மே முதல் செப்டம்பர் வரை கராஜ் உத்தரத்தில் இரண்டு பட்டைகளில் தொங்குகிறது. அக்டோபரில் இறங்கி வண்டியில் ஏறுகிறது. இப்படி மாற்றி மாற்றி மாட்டுவதைச் சுத்தவாதிகள் இரு தரப்பிலும் ஏற்பதில்லை. வெட்டரே முன்பு டிரையம்ஃப் எக்ஸ்75 ஹரிகேன் என்று, மறைப்பே இல்லாத அழகான வண்டி ஒன்றை வடிவமைத்தவர்தான். அவரை இரண்டு பக்கத்துக்கும் சாட்சியாக அழைக்கலாம்.

தொங்கவிடும்போது ஒன்று: குழிப்பெட்டிகளைக் காலி செய்து மூடிகளைக் கழற்றி வையுங்கள். போன செப்டம்பரில் இறக்கியபோது இடது பெட்டியில் பழைய ஒஹாயோ ரோடு மேப் பஞ்சு பஞ்சாகக் கிழிந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு எலி, நாலு குட்டிகள். ஃபேரிங் அந்த வருடம் நவம்பரில்தான் ஏறியது.