சிறுவனின் சர்க்கரை

கொல்கத்தாவின் கிழக்கேயுள்ள சால்ட் லேக் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 1960-களில் கங்கையின் வண்டலைச் சிறுகச் சிறுக நிரப்பி அதனை நகரமாக உயர்த்தினார்கள். குழந்தையின் உள்ளத்தில் ஈகைப் பண்பும் அவ்வாறே சிறுகச் சிறுகச் சேர வேண்டும்.

கத்தோலிக்கப் பங்குத் தேவாலயங்களில் இதற்கொரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தில் பிள்ளைகள் தமக்குப் பிடித்த ஒன்றைத் துறந்து, மிஞ்சிய காசை ஏழைகளுக்கு அளிக்கிறார்கள். 1843-இல் பிரான்சு நாட்டு ஆயர் ஒருவர், குழந்தைகளே குழந்தைகளுக்கு உதவும் சங்கம் ஒன்றை நிறுவினார். அவர் கேட்டவை இரண்டே: நாளும் ஒரு பிரார்த்தனை, மாதம் ஒரு சிறு காசு.

1979 டிசம்பரில், நோபல் பரிசு பெற்ற அன்னை தெரசா தமது ஆஸ்லோ உரையில் கொல்கத்தா நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார். அப்போது சர்க்கரைத் தட்டுப்பாடு. அதை அறிந்த நான்கு வயது இந்துச் சிறுவன் ஒருவன், மூன்று நாட்கள் சர்க்கரை உண்ணாதிருந்து, தனக்குரியதை அன்னையின் குழந்தைகளுக்குக் கொண்டுவந்தான். அன்னையின் பெயரை உச்சரிக்கவும் அவனுக்குச் சரியாக வரவில்லை.

பெற்றோர் பலர், உண்டியலில் இடுமாறு குழந்தையின் கையில் பணத்தைத் தருகிறார்கள். அங்கே கை குழந்தையுடையது, தானம் பெற்றோருடையது. அச்சிறுவனின் பெற்றோர் ஒரு மூட்டை சர்க்கரையைத் தாமே வாங்கித் தந்திருந்தால் இல்லத்திற்குப் பயன் மிகுந்திருக்கும். மகன் எதையும் கற்றிருக்கமாட்டான். அவர்கள் தடுக்கவில்லை, உடன் அழைத்துச் சென்றார்கள். அவ்வளவே.

கொடுப்பது கடமை என்று, கைம்மாறு கருதாமல் அளிப்பதே சாத்துவிக தானம் என்கிறது கீதையின் 17-ஆம் அத்தியாயம். அதனைப் படிக்குமுன்பே ஒரு குழந்தை வாழ்ந்து காட்ட முடியும். பெரியவர்கள் அதற்கு இடம் தந்தால் போதும்.