வணிக நிறுவனங்களின் வளர்ச்சி: குறைந்த கட்டண விமான சேவைகள்



கண்டக்குழியிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுபவர் முதலில் கேட்பது, "டிக்கட் எவ்வளவு?" என்பதாகும். இக்கேள்வியை நம்பியே குறைந்த கட்டண விமான சேவைகள் இயங்குகின்றன. உணவுக்கும் பொதிக்கும் தனிக் கட்டணம் அறவிட்டு, பெரும்பாலும் ஒரே வகை விமானங்களைப் பயன்படுத்தி, அவை செலவைக் குறைக்கின்றன. ஆயினும் ஓர் ஆசனத்தால் கிடைக்கும் இலாபம் சிறியது. எனவே கூடுதலான விமானங்களும் வழித்தடங்களும் தேவைப்படுகின்றன. அவற்றைப் பெறும் இரு வழிகளைக் கற்போம்.

1. கையேற்றல்

ஒரு நிறுவனம் இன்னொன்றை விலைக்கு வாங்குதல் கையேற்றலாகும். எமது ஊர்ச் சம்மாட்டியார் ஒருவர் மற்றொருவரின் வாடியை முழுமையாக வாங்கினால், படகு, வலையுடன் கடனும் அவரிடம் வரக்கூடும்.

உதாரணம்: 2001இல் ரொனி பெர்னாண்டசும் பங்காளர்களும் மலேசியாவின் எயார் ஏசியாவை 1 ரிங்கிட்டுக்கு வாங்கினர். ஆனால் ஏறத்தாழ 40 மில்லியன் ரிங்கிட் கடனையும் பொறுப்பேற்றனர்.

2. பிராந்தியக் கம்பனி அமைத்தல்

வேறு கரையில் வாடி போட அவ்வூரவரின் துணை வேண்டும். அதுபோலவே, ஒரு நாட்டின் உள்நாட்டு வழித்தடங்களில் பறக்கும் உரிமை பொதுவாக அந்நாட்டு நிறுவனங்களுக்கே உண்டு. பெரும்பான்மைப் பங்கு உள்நாட்டவரிடம் இருக்க வேண்டும் எனவும் பல நாடுகள் விதித்துள்ளன. எனவே எயார் ஏசியா, உள்நாட்டுப் பங்காளர்களுடன் 2004இல் தாய்லாந்திலும் 2014இல் இந்தியாவிலும் சேவை தொடங்கியது. இந்தோனேசியாவில் அவேர் என்னும் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, 2005இல் அதற்குத் தன் பெயரை இட்டது.

கவனிக்க: 50 சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தாலே பொதுவாகத் துணைக் கம்பனி எனப்படும். இந்தியாவில் எயார் ஏசியா தொடக்கத்தில் கொண்டிருந்தது 49 சதவீதமே. எனவே விடையில் "கூட்டுமுயற்சி" என எழுதுக.

வளர்ச்சி எப்போதும் வெற்றியா?

இல்லை. இந்தியாவின் கிங்பிஷர், 2007இல் எயார் டெக்கானின் பங்குகளை வாங்கிப் பின்னர் தன்னுடன் இணைத்தது. இரண்டுமே நட்டத்தில் இருந்தவை. கடன் பெருகி 2012இல் கிங்பிஷர் பறப்பதை நிறுத்தியது. எயார் ஏசியாவின் இந்தியக் கம்பனியும் 2022இல் எயார் இந்தியாவின் வசமாயிற்று.

எமது நாட்டில் 2007இல் தொடங்கிய, அரசுக்குச் சொந்தமான மிஹின் லங்காவும் நட்டமடைந்து 2016இல் மூடப்பட்டது. அதன் வழித்தடங்களை ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஏற்றது. ஒரு சேவை மறையும்போது பிரயாணியின் தெரிவும் குறைகிறது. டிக்கட்டுக்குக் கடன்படும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று.

மாதிரி வினா: கையேற்றலின் அனுகூலம் ஒன்றும் பிரதிகூலம் ஒன்றும் தருக.

விடை: விமானங்களும் வழித்தடங்களும் விரைவாகக் கிடைத்தல், வாங்கிய நிறுவனத்தின் கடனையும் நட்டத்தையும் சுமக்க நேரிடல்.