அலெக்சாண்டர் பேசியது எந்த மாசிடோனியம்?

போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு தகவல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது: மாமன்னர் அலெக்சாண்டர் பேசிய மாசிடோனிய மொழிதான் இன்று வடக்கு மாசிடோனியாவின் ஆட்சிமொழியாம். மொழி வரலாறு படித்த யாராலும் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இது முழுத் தவறு.

முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். அலெக்சாண்டர் இறந்தது கி.மு. 323இல். இன்றைய மாசிடோனிய மொழிக்கு மூதாதையான ஸ்லாவியப் பேச்சு பால்கன் பகுதிக்குள் வந்தது கி.பி. 6, 7ஆம் நூற்றாண்டுகளில். நடுவே 800 ஆண்டுகளுக்கும் மேல் கிடக்கிறது. அதைத் தாண்டி எப்படி ஐயா முடிச்சுப் போடுகிறீர்கள்?

காலம் போதாதென்றால் சொற்களைப் பாருங்கள். அலெக்சாண்டரின் தந்தை பெயர் பிலிப்போஸ். 'பிலோஸ்', 'ஹிப்போஸ்' என்ற இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர். குதிரைப் பிரியர் என்று பொருள். வடக்கு மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேவில் இன்று குதிரையைக் 'கோஞ்' என்பார்கள். செர்பியரும் அப்படியே சொல்வார்கள். தண்ணீர் இருவருக்கும் 'வோதா'. பழைய கிரேக்கத்தில் அது 'ஹுதோர்'.

அரசர் வீட்டுப் பெயரை வைத்து மக்கள் பேச்சைச் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஈயத்தகடு இருக்கிறது. பண்டைய மாசிடோனியத் தலைநகர் பெல்லாவில் 1986இல் கிடைத்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தியோனிசோபோன் என்பவன் தேத்திமா என்பவளை மணந்துவிடக் கூடாது, தன்னைத் தவிர வேறு எவளையும் அவன் கைப்பிடிக்கக் கூடாது என்று ஒரு பெண் எழுதிப் புதைத்த ஏவல் அது. மன்னர் மெச்ச எழுதியதல்ல, மனம் வெந்து எழுதியது. அதன் மொழி கிரேக்கம்தான், தோரிய வழக்கு. பண்டைய மாசிடோனியப் பேச்சு கிரேக்கத்தின் கிளைவழக்கா, அதற்கு நெருங்கிய தனிமொழியா என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்தில் ஸ்லாவியத்துக்கு இடமே கிடையாது.

இதையெல்லாம் விடுங்கள். 2018 ஜூன் 17 அன்று பிரெஸ்பா ஏரிக்கரையில் கிரேக்கத்தோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஸ்கோப்யே அரசே, தன் ஆட்சிமொழி தென்ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்தது, பண்டைய கிரேக்க நாகரிகத்தோடு தொடர்பற்றது என்று ஒப்புக்கொண்டுவிட்டது. அவர்களே விட்டுவிட்ட உரிமையை நம் கையேடுகள் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

உடனே எதிர்ப்பக்கம் பாய்ந்து, 'யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ 1944இல் உண்டாக்கிய செயற்கை மொழி' என்று சொல்வதும் பிசகு. 1944, 45இல் நடந்தது ஆட்சிமொழி அறிவிப்பும் எழுத்து முறை வரையறுப்பும். அந்த வழக்குகளை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்தார்கள். அவற்றைக் கொண்டு தனி இலக்கிய மொழி வேண்டும் என்று மாசிடோனிய எழுத்தாளர் கிர்ஸ்தே மிசிர்கோவ் 1903லேயே புத்தகம் போட்டார்.

பிரெஸ்பா ஒப்பந்தத்தால் 2019இல் நாட்டின் பெயர் வடக்கு மாசிடோனியா என்று மாறியதால் மக்கள் 'வடக்கு மாசிடோனியர்' ஆகிவிடவில்லை. ஒப்பந்தப்படி மொழியின் பெயர் மாசிடோனியம். கடவுச்சீட்டில் 'மாசிடோனியர் / வடக்கு மாசிடோனியக் குடியரசின் குடிமக்கள்' என்றே இருக்கும். தெசலோனிகியில் வாழும் கிரேக்கரும் தம்மை மாசிடோனியர் என்கிறார்கள். அது அவர்களுடைய மாகாணப் பெயர். அன்னை தெரசா மாசிடோனியர் என்பதும் அரைகுறைச் செய்தி. 1910இல் ஸ்கோப்யேவில் பிறந்த அல்பேனியர் அவர். ஊர் அப்போது ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது.

கையேடு தொகுப்பவர்களே, 'மாசிடோனியர்' என்று எழுதும் இடத்திலெல்லாம் எந்த நூற்றாண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அலெக்சாண்டர் பிறந்த பெல்லா இன்று கிரேக்க நாட்டில் இருக்கிறது என்பதையும் அச்சிடுங்கள். பள்ளி நூலகங்களுக்கு இன்றைய எல்லைகளை மட்டும் காட்டும் வரைபடம் போதாது. கி.மு. 336, கி.பி. 600, 1913, 1991 என்று ஒரே நிலத்தை அடுத்தடுத்த பக்கங்களில் காட்டும் வரலாற்று வரைபட நூல் தமிழில் வர வேண்டும். பாடநூல் அச்சிடுபவர்கள் இதைச் செய்யலாம். பணம் அதிகம் பிடிக்கும் வேலையும் அல்ல.