குப்பைத் தொட்டியில் விழுறது உங்க காசு, தங்கச்சி!

மெஸ், டிபன் கடை, வீட்டிலிருந்தே மாதச் சாப்பாடு என்று சின்னதாக ஒரு சமையல் தொழில் நடத்துற என் தங்கைகளுக்காக இதை எழுதுறேன். ராத்திரி கல்லாவை எண்ணிப் பூட்டுறோம். குப்பைத் தொட்டியை மட்டும் எட்டிப் பார்க்கிறதில்லை. அதுக்குள்ளே கிடக்கிற மீந்த சாதமும், வாடின கொத்தமல்லியும், பார்சல் டப்பா மூடியும் நாம் காசு கொடுத்து வாங்கினதுதானே! குப்பை குறைஞ்சால் ஊருக்கும் நல்லது, உங்க வரவு செலவுக்கும் நல்லது. எங்கே ஆரம்பிக்கலாம்னு அக்கா சொல்றேன், கேளுங்க.

1. மீதிக் கணக்கு எழுதுங்க

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் கடை சாத்துறதுக்கு முன்னாடி என்ன மீந்தது, எவ்வளவு மீந்ததுன்னு எழுதுங்க. அன்னிக்கு மழையா, முகூர்த்த நாளா, பள்ளி லீவா என்பதையும் பக்கத்தில் குறிச்சு வைங்க. ஒரு மாதம் எழுதினால் செவ்வாய்க்கிழமை எது போகும், அமாவாசைக்கு எது தேங்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். நாளைக்கு இருபது இட்லி மீந்தால் மாதத்துக்கு 600 இட்லி. இட்லி எட்டு ரூபாய்னு வெச்சாலும் 4,800 ரூபாய் விற்பனை போச்சு. சாதத்தையும் மொத்தமாக ஒரே உலையில் வடிக்காமல், கூட்டத்தைப் பார்த்து இரண்டு தடவையாக வடிங்க. கடைசி அரை மணி நேரத்தில் மீதி மலையாகக் குவியாது.

2. பழசு முன்னாடி, புதுசு பின்னாடி

சரக்கு வந்ததும் சிப்பத்தின் மேலேயே தேதியை மார்க்கரால் எழுதுங்க. புதுசைப் பின்னால் தள்ளி, பழசை முன்னால் இழுத்து வைங்க. பருப்பில் வண்டு விழுந்து கொட்டுறது பாதி இதிலேயே நிற்கும். கீரை, கொத்தமல்லி, புதினாவை விலை மலிவாக இருக்குன்னு கட்டுக் கட்டாக அள்ளாதீங்க. மறுநாள் வாடிப்போனால் மலிவு எங்கே இருக்கு?

3. மூணு டிரம் வைங்க, ஒண்ணோட ஒண்ணு கலக்க விடாதீங்க

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கடைப்பிடிப்பேன்னு சொன்னால், இதைப் பிடிச்சுக்கங்க. சுத்தமான அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்குவாங்க. அதே அட்டை மேலே அரைக் கரண்டி சாம்பார் கொட்டிட்டால் யாரும் தொட மாட்டாங்க. கலந்தால்தான் குப்பை, பிரிச்சு வெச்சால் சரக்கு.

காய் நறுக்குற இடத்திலேயே ஒரு டிரம். அதில் தோல், காம்பு, டீத்தூள், முட்டை ஓடு. பாத்திரம் கழுவுற இடத்தில் இன்னொண்ணு, எச்சில் இலைக்கும் மீந்த சோற்றுக்கும். ஸ்டோர் ரூமில் மூணாவது, காய்ஞ்ச பொருளுக்கு மட்டும். குப்பை எங்கே உண்டாகுதோ அங்கேயே டிரம் இருக்கணும். பத்தடி நடந்து போய்ப் போடுங்கன்னு சொன்னால் அவசர நேரத்தில் யாரும் போட மாட்டாங்க. உடைஞ்ச கண்ணாடி டம்ளரைத் தனியாகப் பேப்பரில் சுத்தி, அடையாளம் போட்டுக் கொடுங்க. அதைக் கையால் எடுக்கப் போறவர் ஒரு தூய்மைப் பணியாளர் என்பதை மறக்கக் கூடாது.

4. பால் கவர் மூலையைத் தனியாக வெட்டாதீங்க

காபி, டீ போடுற கடையில் தினமும் எத்தனை பால் கவர் சேருதுன்னு பாருங்க. கத்தரிக்கோலால் மூலையை வெட்டும்போது அந்தத் துணுக்கு தெறிச்சு விழும். நகம் அளவுதான் இருக்கும். அதைப் பொறுக்கி மறுசுழற்சிக்கு யாராலும் கொடுக்க முடியாது. அது போற இடம் சாக்கடை. அதனால் ஓரத்தில் பாதி வரைக்கும் கீறுங்க. துணுக்கு கவரோடு ஒட்டிக்கிட்டே இருக்கட்டும். பாலை ஊத்தினதும் கவரை ஒரு அலசு அலசிக் கொடியில் மாட்டினால் ஈரம் போயிடும், நாத்தமும் வராது. காய்ஞ்ச கவரைக் கட்டாகக் கட்டி எடைக்குப் போடலாம். எண்ணெய் டின், கோணிச் சாக்கு, அட்டைப்பெட்டி எல்லாத்துக்கும் இதேதான்: ஈரமில்லாமல், மடிச்சு, கட்டி வைங்க.

5. எண்ணெயைச் சாக்கடையில் ஊத்தாதீங்க

பொரிச்ச எண்ணெயில் புது எண்ணெயைக் கலந்து கலந்து ஓட்டுறது உடம்புக்குக் கேடு. எண்ணெய் கெட்டுப் போனதை அளக்கிற 'மொத்த துருவச் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி வெச்சிருக்கு. 2018 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கு. அதே வருஷம் 'ரூக்கோ' என்ற திட்டத்தையும் தொடங்கினாங்க. பயன்படுத்தின எண்ணெயைச் சேகரிச்சு பயோடீசலாக மாத்துறதுதான் திட்டம். ஒரு கேனில் வடிகட்டிச் சேர்த்து வெச்சு, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்கிட்ட கொடுத்தால் காசும் கிடைக்கும். உங்க ஊரில் யார் வாங்குறாங்கன்னு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்க. கூட விலை தர்றேன்னு வர்ற முகம் தெரியாத ஆளுக்கு மட்டும் கொடுத்துடாதீங்க. அது திரும்ப யாரோ ஒருத்தர் வாணலிக்குப் போயிடலாம். எண்ணெயைச் சாக்கடையில் ஊத்தினால் குழாய்க்குள்ளே படிஞ்சு உறைஞ்சு, கடைசியில் அடைப்பெடுக்கிற செலவும் உங்க தலையில்தான் விழும்.

6. பார்சலுக்குத் தூக்கு வாளியைத் திரும்பக் கூப்பிடுங்க

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கு. உணவைக் கட்டுற பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசின காகிதக் கப்பு, உறிஞ்சுகுழல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. நாமும் நம்ம பங்குக்குச் செய்யலாம். "பாத்திரம் கொண்டு வந்தால் 5 ரூபாய் குறைவு"ன்னு கல்லா பக்கத்தில் ஒரு போர்டு வைங்க. டப்பாவுக்கும் கவருக்கும் நீங்க செலவழிக்கிற காசைத்தான் வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர்றீங்க, உங்களுக்கு நஷ்டமில்லை. மாதச் சாப்பாட்டுக்காரங்களுக்கு ஆளுக்கு இரண்டு டிபன் கேரியர் முறை நல்லா ஓடும். முன்பணம் வாங்கிக்கிட்டு, நிறைஞ்சதைக் கொடுக்கும்போது காலியானதை வாங்கிக்கங்க.

வடை, போண்டாவை நியூஸ் பேப்பரில் வைக்கிற பழக்கத்தை இன்னிக்கே விடுங்க. அச்சு மை எண்ணெயில் இறங்கும். எண்ணெய் ஊறின பேப்பரை எடைக்கும் எடுக்க மாட்டாங்க. சதுரமாக நறுக்கின வாழை இலை, மந்தாரை இலை, பாக்கு மட்டைத் தட்டு எல்லாம் மண்ணுக்குள்ளே போய் மக்கிடும். உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கு எவர்சில்வர் டம்ளரும் தட்டும்தான் கடைசியில் மலிவு.

7. காய்த்தோலை உரமாக்குங்க, சோற்றை மாட்டுக்குக் கொடுங்க

பின்பக்கம் நாலடி இடம் இருந்தால் போதும். சுத்தியும் ஓட்டை போட்ட டிரம்மில் அடியில் தேங்காய் நார். அதுமேல் ஒரு அடுக்கு காய்த்தோல், ஒரு அடுக்கு காய்ஞ்ச சருகு. புளிச்ச மோரைக் கொஞ்சம் தெளிங்க. நாலு நாளுக்கு ஒரு தடவை கிளறி விடுங்க. நாத்தம் வந்தால் ஈரம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். இன்னும் இரண்டு கை சருகு போட்டால் சரியாயிடும். இரண்டு மாத வாக்கில் கறுப்பாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். சமைச்ச சாப்பாட்டை மட்டும் இதில் போடாதீங்க, எலி வரும். கழனித் தண்ணியையும் கெட்டுப்போகாத மீந்த சோற்றையும் பக்கத்தில் மாடு வெச்சிருக்கிறவங்ககிட்ட பேசி, அன்னன்னிக்கே எடுத்துக்கச் சொல்லுங்க. பிளாஸ்டிக் கவரில் கட்டி மட்டும் வைக்காதீங்க. கவரோடு முழுங்கிட்டு மாடு வயிறு வீங்கிச் சாகுது. கொட்டாங்கச்சியைக் காய வெச்சுச் சேர்த்தால் கரி தயாரிக்கிறவங்க விலைக்கு வாங்கிக்குவாங்க.

8. எடைக்காசு பிரிக்கிறவங்களுக்கே

மேலே சொன்ன அத்தனையும் உங்க கடையில் பாத்திரம் தேய்க்கிற அக்கா, காய் நறுக்குற அண்ணன் கையில்தான் இருக்கு. திட்டி வேலை வாங்கினால் இரண்டு நாளைக்கு நடக்கும். அட்டை, டின், பால் கவர் விற்ற காசை அவங்களுக்கே பிரிச்சுக் கொடுத்துப் பாருங்க. அப்புறம் யாராவது டிரம்மை மாத்திப் போட்டால் உங்களுக்கு முன்னாடி அவங்க சத்தம் போடுவாங்க. எடைக்காசு உங்களுக்குப் பெரிய தொகையில்லை. வீணாகாமல் மிச்சப்படுற அரிசியும் எண்ணெயும்தான் உங்க லாபம்.

எட்டையும் ஒரே நாளில் தொடங்காதீங்க, மலைச்சுப் போய் விட்டுடுவீங்க. முதல் வாரம் நோட்டும் மூணு டிரம்மும். அது பழகினதும் பால் கவரும் எண்ணெய் கேனும். அதுக்கப்புறம் பார்சல், உரம். அடுத்த மாதம் கடைசியில் அந்த நோட்டை எடுத்து, முதல் வாரத்து மீதியையும் கடைசி வாரத்து மீதியையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுக் கூட்டிப் பாருங்க. அடுத்து எதைக் குறைக்கணும்னு அந்தக் கணக்கே சொல்லும்.