கொத்தனார் வேலை தெரிந்தால் தோட்டம் கட்டிவிடலாமா?

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம், கூடலூர் வரை போகும் சாலையில் பண்ணை வீடோ விடுதியோ திருமண மண்டபமோ எது புதிதாக எழுந்தாலும், முன்னால் ஒரு பேவர் பிளாக் தளம், கருங்கல் சுவர், கொடி படர ஒரு பந்தல், முடிந்தால் சின்னதாக ஒரு குளம் என்று தோட்டத்தில் கட்டுமானமும் சேர்ந்தே வருகிறது. செடி வைக்க ஆள் கிடைத்துவிடுகிறார். செடிக்கு முன்பாகச் செய்ய வேண்டிய கல், மண், தண்ணீர் வேலைக்குத்தான் கைதேர்ந்தவர்கள் குறைவு. அந்த வேலையைச் சுற்றி உலவும் நம்பிக்கைகள் மட்டும் ஏராளம்.

"வீடு கட்டுகிற கொத்தனாருக்கு இது தெரியாதா?"

பாதிதான் தெரியும். மூலைமட்டம் பார்ப்பது, நூல் கட்டுவது, 3 அடி, 4 அடி, 5 அடி அளந்து செங்கோணம் பிடிப்பது எல்லாம் இரண்டு வேலைக்கும் பொது. அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. வீட்டுக்குள் தரை போடும்போது ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றால் பாராட்டு. வெளித்தளத்திலும் அப்படியே நின்றால் மழைத் தண்ணீர் வழியத் தெரியாமல் தேங்கும். வெளித்தளத்துக்கு 60-க்கு 1 என்ற அளவில், அதாவது 10 அடிக்கு 2 அங்குலம் சாய்வு வேண்டும். அந்தச் சாய்வும் வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கக் கூடாது. 20 வருட அனுபவமுள்ள கொத்தனார்கூட இங்கே சறுக்குவதுண்டு. கண்ணுக்குச் சாய்வு தெரியாமல் தண்ணீரை ஓட வைப்பது தனிக் கைப்பழக்கம்.

"சுவரைத் தடிமனாகக் கட்டினால் மண்ணைத் தாங்கிவிடும்."

கம்பம் பள்ளத்தாக்கில் மிக அதிகமாகப் பணத்தை வீணாக்கும் நம்பிக்கை இதுதான். இரு பக்கமும் மேற்குத் தொடர்ச்சி மலை, அதில் ஒரு பக்கம் மேகமலை. இரண்டின் அடிவாரத்திலும் சரிவை வெட்டிச் சமப்படுத்தித்தான் மனை போடுகிறார்கள். வெட்டிய இடத்தில் மண் சரியாமலிருக்க ஒரு தடுப்புச் சுவர் எழும்புகிறது. இரண்டு மீட்டர் உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் இருப்பது உலர்ந்த மண் என்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அது தள்ளும் விசை ஏறத்தாழ 1.2 டன். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் முழுக்க ஊறி, தண்ணீர் வெளியேற வழியின்றி நின்றால் அந்த விசை 2.5 டன்னைத் தாண்டும். மண் அதே மண்தான். கூடுதலாகச் சேர்ந்தது தண்ணீரின் அழுத்தம்.

ஆகவே பின்னால் தேங்கும் நீரை வெளியேற்றினால்தான் சுவர் பிழைக்கும். அதன் முதுகில் ஒரு அடி அகலத்துக்கு உடைகல்லோ ஜல்லியோ நிரப்ப வேண்டும். அடியில் இடைவெளி விட்டுத் துளைகள் வைக்க வேண்டும். சுவரின் முகம் மண்ணை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் கூலியில் சேர்க்கும் தொகை சிறியது. ஆனால் ஜல்லி நிரப்புவது வெளியே தெரியாத வேலை என்பதால் ஒப்பந்தக்காரர் அதைத் தவிர்க்கிறார். துளை அசிங்கமாகத் தெரிகிறது என்று வீட்டுக்காரர் சிமெண்ட் வைத்து அடைக்கிறார். போடிமெட்டு ஏறும்போதோ குமுளி மலைப்பாதையிலோ சாலையோரத் தடுப்புச் சுவர்களைக் கவனித்தால் வரிசையாகத் துளைகள் தெரியும். கற்க வருபவர் மழை நாளில் அங்கே நின்று பார்த்தால் போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சிமெண்டே இல்லாத கல்வரப்பு பல தலைமுறை நிற்பதற்கும் காரணம் இதுவே. கல்லுக்குக் கல் இடுக்கு இருப்பதால் தண்ணீர் தேங்க வழியில்லை. அதற்காகச் சும்மா அடுக்கினாலும் நிற்காது. கீழ்க்கல் பெரிதாக, மேலே போகப் போகச் சிறிதாக, ஒரு இணைப்பின் மேல் இன்னொரு இணைப்பு வராமல், இடையிடையே சுவரின் இரு முகத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக்கல் வைத்து, உள்ளே சில்லுக்கல் இறுக்கி அடுக்க வேண்டும். கல்லைக் கையில் எடுத்ததும் அதற்குரிய இடம் தெரிந்துவிடுகிற அளவுக்குப் பழக வருடங்கள் ஆகும். இந்தக் கலையைக் குரோவேஷியா, கிரீஸ், இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில் யுனெஸ்கோ 2018-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் மலையடிவாரத்தில் அதே வேலையைச் செய்கிறவருக்கு நாள் கூலி மட்டும்தான்.

"பழைய சுண்ணாம்புக் கட்டுக்கு ஈடில்லை" என்று ஒரு கட்சி. "சுண்ணாம்பெல்லாம் அந்தக் காலம்" என்று எதிர்க்கட்சி. இரண்டு கட்சிக்கும் பதில் சொல்ல, கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் ஓர் அணையே இருக்கிறது. பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் வெளிமுகம் கருங்கல் கட்டு. உள்ளே நிரம்பியிருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலும் இறுகும். 176 அடி உயர அணை அதை நம்பித்தான் எழுந்தது. அதனால் சுண்ணாம்பு பலவீனமானதல்ல. அதே அணைக்கு 1979-க்குப் பிறகு மேல்பகுதியில் கான்கிரீட் தொப்பி, உள்ளே கம்பிவட நங்கூரம், பின்புறம் கான்கிரீட் அணைப்பு என்று வலுவூட்டினார்கள். அதனால் பழையது என்பதற்காகவே எதுவும் சாகாவரம் பெற்றதுமல்ல. தோட்ட வேலைக்கு வேண்டிய பாடம் எளிது: எந்தக் கலவை எந்த இடத்துக்கு, அது இறுக எத்தனை நாள் என்று தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு மெதுவாக இறுகும். அவசரக்காரருக்கு அது ஒத்துவராது.

சிமெண்ட் மட்டும் அவசரத்துக்கு ஒத்துவருமா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர் தாராளமாக ஊற்றினால் கலவை எளிதாகப் பரவும், பலம் குறையும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. கடைகளில் அதிகம் விற்கும் பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்ட் என்றால் இன்னும் நீட்டிப்பது நல்லது. சித்திரை வெயிலில் இரண்டு நாள் குடம் தண்ணீர் தெளித்துவிட்டு நிறுத்தினால் அடுத்த வருடம் வெடிப்பு வரும்.

"மண்ணைச் சமப்படுத்தி, மணலைப் பரப்பி, பேவர் பிளாக்கை அடுக்கினால் தளம் ரெடி."

தரமான பிளாக் வாங்கியும் தளம் அமுங்கக் காரணம் அடித்தளம். பிளாக்குக்கு ஐ.எஸ். 15658 என்ற தரம் இருக்கிறது. அதன்படி லேசான வண்டிப் போக்குவரத்துக்கு 60 மி.மீ. தடிமன் வேண்டும். ஆனால் அதன் அடியில் கிராவலை ஒரே தட்டாகக் கொட்டாமல் சில அங்குலம் சில அங்குலமாகப் போட்டு, ஒவ்வொரு தட்டையும் இறுக்கி, மேலே ஏறக்குறைய 30 மி.மீ. மணல் மட்டும் விட வேண்டும். பள்ளத்தை மணலால் நிரப்பி மட்டம் பார்ப்பது தவறு; மணல் தடித்த இடம் முதலில் இறங்கும். ஓரத்தில் கல்லோ கான்கிரீட்டோ பிடிமானம் இல்லாவிட்டால் வரிசை கலைந்துவிடும். மரத்தடியில் தண்டு வரைக்கும் தளம் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் மரம் சாகும், அல்லது வேர் தளத்தைத் தூக்கும்.

"பந்தல் போடுவது வேலையா?" என்று கேட்பவர் கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்துக்குள் குனிந்து போய்ப் பார்க்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை தொங்குவது கல்தூணும் கம்பியும் சேர்ந்த பந்தலில்தான். இலையும் காயும் சேர்ந்த பாரம், காற்றின் இழுப்பு இரண்டையும் ஓரத் தூண்கள்தான் வாங்குகின்றன. அதனால் அவற்றை வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, இழுவைக் கம்பி போட்டு நிலத்தில் கட்டுகிறார்கள். ஆழம் குறைந்தால் முதலில் சாய்வது மூலைத் தூண். விடுதிகளில் அலங்காரத்துக்காக இரும்புக் குழாய் நட்டு, கொடி கனத்ததும் வளைந்து நிற்கும் பந்தல்களைப் போட்டவர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்படியானால் எங்கே கற்பது? "சான்றிதழ் இருந்தால் போதும்" என்பதும் "சான்றிதழே வேண்டாம்" என்பதும் ஒரே அளவு தவறு. ஐ.டி.ஐ. திட்டத்தில் கொத்தனார் தொழிற்பிரிவு ஓராண்டுப் பயிற்சியாக உண்டு. தோட்டக்கலைப் பட்டப்படிப்பில் நிலவடிவமைப்புப் பாடம் இருக்கிறது. மாவட்டத்திலேயே பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. முதலாவது கையைப் பழக்கும், இரண்டாவது கண்ணைப் பழக்கும். கல்வரப்பும் பந்தலும் தெரிந்த ஒரு பெரியவரிடம் சில பருவம் கூட நின்றால்தான் இரண்டும் சேரும். பிரிட்டனில் கல்சுவர் கட்டுவோர் சங்கம், 1968-இல் தொடங்கியது, நான்கு நிலைகளில் சான்று தருகிறது. குறித்த நேரத்துக்குள் சுவர் கட்டிக் காட்டியாக வேண்டும். இங்கும் அப்படி ஒரு சோதனை வந்தால், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பல கல்வேலைக்காரர்கள் முதல் நிலையில் தேறுவார்கள்.

பெண்கள் என்றால் சித்தாள் என்ற பழக்கத்துக்கும் நியாயம் இல்லை. தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்டுவதற்கு ஜார்க்கண்டில் கொத்து வேலை கற்ற பெண்களை 'ராணி மிஸ்திரி' என்று அழைக்கிறார்கள். இங்கே சுமை தூக்கும் பெண்ணின் கையில் ஒரு கரண்டியும் தூக்குக்குண்டும் கொடுக்க மேஸ்திரிகளுக்கு மனம்தான் வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. கல் அறுக்கும்போது முகத்தில் துண்டு கட்டினால் தூசி போகாது என்று புதிதாக வருபவர்கள் நம்புகிறார்கள். கருங்கல் தூளிலுள்ள சிலிக்கா துணி இழையைத் தாண்டி நுரையீரலுக்குள் போகும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணம் இல்லை. தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், என்95 வகை முகக்கவசம் போட வேண்டும். 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 வயது நிறைந்தவர் பதிவு செய்யலாம். வேலை கற்கத் தொடங்கும் வருடமே அந்தப் பதிவு அட்டையையும் வாங்கிவிடுங்கள்.